சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம்?

வாசல் இல்லாத வீட்டுக்குள் ஒருவன் மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அந்த வீட்டை அவனேதான் கட்டியிருக்க வேண்டும். வேறு யார் கட்டியிருந்தாலும் எங்காவது ஒரு ஓட்டையாவது விட்டிருப்பார்கள்.

நான் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்கடியில் மரச்சீவல் மெத்தை. பக்கத்தில் ஏணி இரண்டு துண்டாகக் கிடந்தது. அதுவும் என் கைவேலைதான். இருபது வருஷம் ஹெல்சின்கியில் அடுத்தவர் குளியலறைகளுக்கு ஓடு பதித்தவன் நான். ஓடு பதித்தால் அது பதித்த இடத்தில் இருக்கும். ஏணியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, கூரைக்குக் கீழே முக்கோணமாகத் திறந்திருந்த இடம் வழியாக அதை உள்ளே இறக்கி, பாதி இறங்கியபோது, அது எனக்கு முன்னால் தரைக்குப் போய்விட்டது.

ஹெல்சின்கிக்குத் தெற்கே, கடல் தாண்டி இருக்கிற எங்கள் வோரு பக்கத்தில் மரவீடு அப்படித்தான் எழும்பும். பைன் மரங்களைத் தோலுரித்து, மூலையில் கொத்தி ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து, நடுவில் பாசி திணித்து, நான்கு சுவரையும் முழுசாக ஏற்றிவிடுவோம். கூரையும் போட்டுவிடுவோம். கதவு, ஜன்னல் எதற்கும் வழி கிடையாது. பச்சைமரம் ஒரு குளிர்காலம் நின்று காய்ந்து கீழே உட்கார வேண்டும். அதற்கப்புறம் ரம்பத்தை எடுத்து வேண்டிய இடத்தில் அறுத்துத் திறந்துகொள்ளலாம். என் வீடு இரண்டு குளிர்காலம் நின்றுவிட்டது, மூன்றாவதும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. எனக்குத் தனியாகப் பெயர் வைக்கவில்லை. பெட்டி என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

கைப்பேசி சாவ்னாவில் இருந்தது. வீடு கட்ட வருகிறவன் எங்கள் ஊரில் முதலில் சாவ்னாவைக் கட்டுவான். சனிக்கிழமை வேர்க்க வேர்க்கக் குளிக்கிற அந்தச் சின்னக் குடிலில்தான் வீடு முடியும்வரை குடியிருப்பான். வழக்கமாக ஒரு கோடையும் ஒரு குளிரும் தாண்டாது. நான் மூன்றாவது வருஷமாக வேர்வைப் பலகையில் படுத்துத் தூங்குகிறேன். என் சட்டையிலும் ரொட்டியிலும் தலையணையிலும் பிர்ச் விறகுப் புகை வாசம்.

எழுந்து சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தேன். உருளைமரத்துக்கும் உருளைமரத்துக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருந்தேன். இரண்டாவது மரத்திலேயே முழங்கால் மறுத்துவிட்டது. மோட்டார் ரம்பம் வெளியே கட்டைமேல் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். மேலே முக்கோணத்தில் ஒரு துண்டு வானம். பிசின் மணம். ஈ கூட இல்லை. யோசித்துப் பார்த்தால், என் சொந்த வீட்டில் நான் குடியிருந்த முதல் மத்தியானம் அதுதான்.

உள்ளே இறங்கியதே சமையலறை ஜன்னலுக்கு அளவெடுக்கத்தான். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். கதவும் ஜன்னல்களும் போன வருஷமே செய்து வந்து சாவ்னா முன்னறையில் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் தினமும் படுக்கப் போகிறேன். சமையலறைக்கு ஒரே ஜன்னல், பெரியது. மூலையின் இரண்டு பக்கமும் அறுத்தால் மூலை நிற்காது. ஆகவே ஏரிப் பக்கம் அல்லது புல்வெளிப் பக்கம், இரண்டில் ஒன்று.

புல்வெளிக்கு அந்தப் பக்கம் மைரேவின் வீடு இருக்கிறது.

மைரே தேனீ வளர்க்கிறாள். கணவன் அர்வோ நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்து இறந்துபோனான். அது நான் இங்கே வருவதற்கு முன்னால். வந்த முதல் வாரமே ஒரு குடுவைத் தேனோடு வந்து, நான் தோலுரித்துக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்து, "இதையா வீடாக்கப் போற?" என்றாள். அதிலிருந்து பழக்கம். சதுப்பில் பாசி பிடுங்க என்னோடு வந்தாள். அவளுடைய சாவ்னாவின் புகைபோக்கி வெடித்துவிட்டதால் சனிக்கிழமைகளில் என்னுடையதற்கு வருவாள். முதலில் அவள் குளிப்பாள், பிறகு நான். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் புகையிட்ட இறைச்சியும் தின்போம். பேச்சு அதிகம் கிடையாது. புல்வெளியைத் தாண்டி அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வீட்டு விளக்கு எரிந்ததும் உள்ளே வந்து பலகையில் படுப்பேன்.

என் கணக்கு எளிமையானது. அவள் இங்கே வந்துவிடுவதாக இருந்தால் ஜன்னல் ஏரியைப் பார்க்கட்டும். தான் விட்டுவந்த இருட்டு வீட்டை எந்தப் பெண்ணும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. வரப்போவதில்லை என்றால் ஜன்னல் புல்வெளியைப் பார்க்கட்டும். எனக்கு அந்த விளக்காவது மிஞ்சும். ஆகவே அவளிடம் கேட்டேன். "சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கலாம்?" போன வருஷம் வசந்தத்தில் கேட்டேன். "பார்ப்போம்" என்றாள். ஆப்பிள் பறிக்கும்போது கேட்டேன். "பார்ப்போம்." பனியில் கேட்டேன். பனியிலும் அதேதான். அவள் பார்த்து முடிக்கட்டும், மொத்தமாக அறுத்துக்கொள்ளலாம் என்று நானும் ரம்பத்தைத் தொடவில்லை.

ரோட்டில் கடைப் பேருந்தின் ஹாரன் கேட்டது. வாரத்துக்கு ஒருநாள் ஹெல்துர் ரொட்டியும் பாலும் ஏற்றிக்கொண்டு வருவான். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் வண்டிக்குள் துருத்திப்பெட்டி இசை என்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது. வண்டி நின்றது, போனது. கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம்.

"தைவோ! ரொட்டி வாங்க வரலியா? செத்துக்கித்துப் போயிட்டியா?" மைரேதான்.

"உள்ள இருக்கேன்!"

"எதுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள."

காலடி வீட்டைச் சுற்றி ஒரு முழுவட்டம் வந்தது. வாசலைத் தேடுகிறாளோ என்னவோ.

"எப்படி உள்ள போன?"

"மேல வழியா. ஏணி ஒடிஞ்சுபோச்சு."

"அடி பட்டுச்சா?"

"மானத்துல மட்டும்தான்."

"அதெல்லாம் வேற வெச்சிருந்தியா நீ?"

பிறகு அவள் சிரித்தாள். இத்தனை நாளில் மைரே வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஒரு சாண் கனத்துக்கு நான் அடுக்கிய மரத்துக்கு அந்தப் பக்கம் அது நடந்தது. சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.

"உன் ஏணியைக் கொஞ்சம் கொண்டுவாயேன்."

"ஏணி இருக்கு. கொண்டுவர மாட்டேன்."

"ஏன்?"

"கொண்டுவந்தா நீ ஏறி வெளிய வந்துருவ. அப்புறம் இது அடுத்த வருஷமும் பொட்டியாவே நிக்கும். ரம்பம் எங்க? ஆங், இந்தா இருக்கு. பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு. மைரே, வேணாம்."

"வாசல் குறிச்சிருக்கியா?"

"ரோட்டுப் பக்கம். ரெண்டு ஓரமும் செங்குத்தா பலகை அடிச்சிருக்கு பாரு. அந்தப் பலகைதான் மரத்தை நகராம பிடிச்சிருக்கு, அதைத் தொட்றாத. மேல் மரத்துல ரம்பம் நுழையப் பிளவு விட்டிருக்கேன், அங்கேருந்து கீழ—"

"நான் விறகு அறுக்காமலா இத்தனை குளிரைத் தள்ளினேன்? பின்னால போய் நில்லு."

எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். ரம்பம் உறுமியது. இருட்டுக்குள் ஒரு கோடு வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்கியது, மரத்தூள் பொன்போலப் பறந்தது. பிறகு இரண்டாவது கோடு. ரம்பம் நின்றதும், "நீ உள்ளேருந்து தட்டு" என்றாள். உள்ளே கிடந்த கொட்டாப்புளியால் தட்டினேன். துண்டு துண்டாக மரங்கள் வெளியே விழுந்தன. கடைசியில் மைரே தெரிந்தாள். தலையெல்லாம் மரத்தூள், கையில் என் ரம்பம். நுனிக்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாயேன்" என்றேன்.

"பூட்ஸெல்லாம் சேறு."

உள்ளே இருந்தது வெறும் மண்தரை. அதைச் சொல்லவில்லை. "இந்த மூலைதான் சமையலறை" என்றேன். "ஜன்னல் எந்தப் பக்கம்னு இப்பவாவது..."

"பார்ப்போம்" என்றாள். "உனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கினேன். சாவ்னா படியில வெச்சிருக்கேன்." ரம்பத்தைக் கட்டைமேல் வைத்துவிட்டுப் புல்வெளியில் இறங்கிப் போய்விட்டாள்.

வாசல் வந்ததும் வேலையைத் தள்ளிப்போட முகம் இல்லை. அடுத்த வாரம் ஹெல்துர் பேருந்தை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கதவுநிலையைப் பிடிக்க வந்தான்.

"என்னய்யா பொட்டி! வெளிய வந்துட்டன்னு கேள்விப்பட்டேன். மக்கள் சந்தோஷமா இருக்காங்க."

"பேச்சைக் குறைச்சு நிலையைத் தூக்கு."

மரவீட்டில் நிலையைச் சுவரில் ஆணியடிக்கக் கூடாது. அறுத்த மரமுனைகளில் உளியால் மேலிருந்து கீழ்வரை காடி வெட்டி, அதில் ஒரு கட்டையைச் சும்மா செருகி நிறுத்த வேண்டும். நிலை அந்தக் கட்டையோடுதான் சேரும். நிலைக்கு மேலே நாலு விரல் வெற்றிடம் விட வேண்டும். சுவர் இன்னும் காய்ந்து கீழே இறங்கும். இடம் விடாவிட்டால் மொத்த வீடும் கதவின் தலைமேல் உட்கார்ந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இடைவெளி விடுவது என்பது ஓடு பதிக்கிறவனுக்கு உடம்பு வலி. வாழ்நாள் முழுக்க இடைவெளியை ஒழிக்கத்தானே சம்பளம் வாங்கினேன். ரசமட்டத்தை வைத்தேன், எடுத்தேன். விட்ட இடத்தைச் சத்தமில்லாமல் இரண்டு விரலாகக் குறைத்தேன்.

"மேல ஏன் குறுகுது?" என்றான் ஹெல்துர்.

"பார்க்க அசிங்கமா இருக்கு."

"கதவு திறக்காமப் போனா ரொம்ப அழகா இருக்கும் பாரு. மறுபடியும் மைரே ரம்பத்தோட வரணுமா?"

நாலு விரலுக்கே திரும்பினேன். காற்று புகாதபடி அவன் சணல்நாரை எடுத்து அந்த இடைவெளியில் திணித்துக்கொண்டே வாசலை ஏற இறங்கப் பார்த்தான்.

"எதுக்கு இவ்வளவு அகலம்? ரெண்டு பேர் தோளோட தோள் இடிச்சிட்டுப் போகலாம் போல."

"பீரோ உள்ள போகணும்."

"உன்கிட்ட ஏது பீரோ?"

கதவைக் கீலில் மாட்டினேன். திறந்தது, மூடியது. அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். "அவகிட்டக் கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"பார்ப்போம்னா."

"நல்ல சகுனம்தான். எங்கம்மாவும் எங்கப்பாகிட்ட அதையேதான் சொன்னாங்களாம். நான் பொறந்து பள்ளிக்கூடம் போனேன், அப்பவும் பார்த்துட்டேதான் இருந்தாங்க."

மற்ற ஜன்னல்களை நான் தனியாகவே பொருத்தினேன். வெளியே ஒரு முட்டுக்கட்டை, உள்ளே ஒரு கயிறு. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டைச் சுற்றி ஓடி வந்து வெளியே சரிபார்ப்பேன், பிறகு சுற்றி ஓடி உள்ளே வருவேன். "கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்வதும் நான், "இப்ப சரியா?" என்று கேட்பதும் நான், சரியில்லை என்று கோபித்துக்கொள்வதும் நான். படுக்கையறை ஜன்னலோடு எனக்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. அன்று முழுவதும் நான் வேறு எவரோடும் பேசவில்லை என்பது ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. தொண்டை மட்டும் கட்டியிருந்தது.

சமையலறை ஜன்னலை அப்படிப் பொருத்த முடியாது. மூன்றடுக்குக் கண்ணாடி, கனம். புல்வெளியில் முதல் உறைபனி விழுந்த சனிக்கிழமை, குளிக்க வந்த மைரேவிடம், "சாவ்னா சூடாக இன்னும் நேரம் இருக்கு. ஒரு கை பிடிக்கிறியா?" என்றேன்.

"பிடிக்கிறேன்."

இரண்டு பேருமாக ஜன்னலைத் தூக்கி வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனோம். அகலம் போதுமானதாகத்தான் இருந்தது. இப்போது பலகைத்தரை போட்டிருந்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவள் கம்பளிக் காலுறையோடு நின்றாள். அந்த வீட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சுவரைத் தடவினாள். நடுவில் தெரிந்த பாசியை விரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் பிடுங்கிய பாசி. ஒரு மூலையில் போய் நின்று கைகளை விரித்து அகலம் பார்த்தாள்.

"அடுப்பு இங்கயா?"

"ஆமா." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பிடிக்கலன்னா மாத்திரலாம்."

"எனக்கென்ன. உன் அடுப்பு."

ஜன்னலை ஏரிச்சுவரில் தூக்கிப் பிடித்தோம், எப்படி இருக்கும் என்று பார்க்க. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இன்னும் அறுக்காத குருட்டுச் சுவர். கண்ணாடிக்குப் பின்னால் மரம்தான் தெரிந்தது. மரம் கருத்துப்போயிருந்ததால் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் விழுந்தது. மூக்கு சிவந்த ஒரு கிழவன், தலைக்குட்டை கட்டிய ஒரு பெண். வீட்டில் குடியிருக்கிறவர்களை யாரோ வெளியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. மூச்சுவிடப் பயமாக இருந்தது, கண்ணாடி மங்கிவிடும் என்று.

"அந்தப் பக்கமும் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்றாள்.

புல்வெளிச் சுவருக்குக் கொண்டுபோய்ப் பிடித்தோம். அங்கேயும் அதே இரண்டு முகங்கள்.

"எந்தப் பக்கம், மைரே?"

"பார்ப்போம்."

"பார்த்துட்டேதான இருக்கோம். ரம்பம் வெளிய இருக்கு. குளிர் வந்தாச்சு. இன்னைக்கு அறுத்தாகணும்."

"அப்ப அறு."

"எந்தப் பக்கம்னு நீ சொல்லு."

"உன் வீட்டு ஜன்னலுக்கு நான் ஏன்யா சொல்லணும்?" கண்ணாடியில் இருந்த முகம் என்னைப் பார்த்தது. "வசந்தத்துல கேட்ட, ஆப்பிள் காலத்துல கேட்ட, என் தேன்கூட்டுக்குள்ள நான் தலையை விட்டிருக்கும்போது வந்து கேட்ட. ஊரே கேக்குது, மைரே, பொட்டியில எப்பக் குடியேறப் போறன்னு. ஹெல்துர் ரொட்டியைக் குடுத்துட்டுக் கண்ணடிக்கிறான். நீ மட்டும்தான் கேக்கல."

"நான் கேட்டுக்கிட்டேதான இருக்கேன்!"

"ஜன்னலைக் கேட்ட. என்னை ஒருநாளும் கேக்கல."

தோள் நடுங்க ஆரம்பித்திருந்தது. என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை. கனம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு வேடிக்கை சொல்லித் தப்பிக்கலாம் என்று தேடினேன். வழக்கமாக நாக்கு நுனியில் நாலைந்தாவது காத்திருக்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை.

"இங்க வந்து என்கூட இருப்பியா, மைரே?" என்றேன்.

"மெதுவா கீழ வை" என்றாள்.

ஜன்னலைக் கட்டைகள் மேல் இறக்கிச் சுவரில் சாய்த்தோம். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன், தைவோ. வசந்தத்துலயும் மாட்டேன், அடுத்த வருஷமும் மாட்டேன். உன்னைப் பிடிக்காம இல்ல, சனிக்கிழமை எப்பவும் போல வருவேன். ஆனா அர்வோ படுத்திருந்த அத்தனை வருஷமும் அடுத்த அறையில அவன் மூச்சு இருக்கா இருக்கான்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். இப்ப காலையில எழுந்து காப்பி வெக்கிறேன், வீட்ல என் சத்தம் மட்டும்தான் கேக்குது. அது எனக்கு வேணும். யாருக்காகவும் அதை விட்டுட்டு வர மாட்டேன்."